நாலு சிலிண்டர், ஒரே வாக்குமூலம்

"இந்தக் காரைத்தான் கைது பண்ணணும்னா, விலங்க எங்க மாட்டறது, அக்கா? ஸ்டியரிங்லயா, சைலன்சர்லயா?"

செழியன் மெதுவாகத்தான் கேட்டான். ஆனாலும் இசைவாணி திரும்பிப் பார்த்த பார்வையில், வாயை மூடிக்கொண்டு பானட்டைத் திறக்கப் போனான்.

சிரிக்கிற இடமில்லை அது. கோமுகி அணைக்கு இந்தப் பக்கம், கல்வராயன் மலை தொடங்குகிற அடிவாரத்தில் ஒரு தகரக்கூரை வீடு. வாசலில் புங்கமரத்தடியில் பழைய வெள்ளைக் கார். சுவரோரமாகக் குத்துக்காலிட்டுத் தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தான் அதன் சொந்தக்காரன் முருகன். காருக்கு அந்தப் பக்கம், கையைக் கட்டிக்கொண்டு நின்றார் பூமாலை. காலையில் மலையிலிருந்து இறங்கி வந்தவர். அவர் மனைவி வெள்ளச்சியின் காரியம்கூட இன்னும் முடியவில்லை.

முருகனின் மனைவி வளர்மதி எல்லோருக்கும் டீ கொண்டு வந்தாள். பூமாலை மட்டும் தொடவில்லை.

"இந்த வூட்ல நான் எதையும் வாயில வைக்க மாட்டேன்மா. வண்டியப் பார்க்கத்தான் வந்தேன்."

வளர்மதி டம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். இசைவாணியைத் தேடி வந்தவள் அவள்தான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில் இசைவாணியின் துப்பறியும் அலுவலகம் இருக்கிறது. அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளை ஆராய்ந்தவள். நசுங்கிய பம்பரைப் பார்த்தே ஓட்டியவன் தூங்கினானா, குடித்தானா என்று சொல்லுவாள். செழியன் அவளுடைய உதவியாள். முன்பு பழைய கார் வாங்கி விற்றுக்கொண்டிருந்தவன். விற்ற கார்களைவிட வாங்கிய திட்டுகள் ஜாஸ்தி என்று அவனே சொல்லிக்கொள்வான்.

அந்த மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்த வளர்மதி, உட்காருவதற்கு முன்பே சொன்ன வார்த்தை இதுதான்:

"எங்க வூட்டுக்காரரு வேணும்னே லேட் பண்ணலக்கா. நீங்க அத ஊருக்குக் காட்டிக் குடுக்கணும்."

நடந்தது சிக்கலான கதை இல்லை. மலைமேல் மரவள்ளிக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த வெள்ளச்சியைப் பாம்பு கடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் அந்த நேரம் மலையின் அந்தக் கோடியில் வேறொரு கேஸுக்குப் போயிருந்தது. பூமாலை முருகனுக்குப் போன் போட்டார். இருவரும் மலைமேல் ஒரே ஊர்க்காரர்கள், பங்காளி முறை; முருகன் கார் ஓட்டிப் பிழைக்க அடிவாரத்துக்குக் குடிவந்தவன். கொல்லைக்குப் போகிற வழித் தகராறில் பொங்கலிலிருந்து முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஆனாலும் முருகன் சாப்பிட்ட கையைக் கழுவாமல் கிளம்பினான் என்று வளர்மதி சொன்னாள்.

கிளம்பியவன் போய்ச் சேரவில்லை. மலைப்பாதையில் கார் மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்தது. முதல் கியரிலேயே முக்கி முக்கி ஏறி, ரேடியேட்டர் கொதித்து, நடுவளைவில் நின்றது. ஆற வைத்து மறுபடி ஏறி அவன் போய்ச் சேரும்போது வெள்ளச்சிக்குப் பேச்சு குழறிக்கொண்டிருந்தது. ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினான். கச்சிராயபாளையம் தாண்டியதும் அவள் மூச்சு நின்றுவிட்டது.

இறங்கும்போது கார் எங்கேயும் நிற்கவில்லை. அதுதான் வினை.

கீழே எறங்கத் தெரிஞ்ச வண்டிக்கு மேல ஏறத் தெரியாதா என்று ஊர் கேட்டது. பழைய பகையை மனசில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே ஊர்ந்து வந்தான் என்று பேச்சு ஆனது. முருகன் இனி மலை ஏறக் கூடாது என்று ஊர் கூடிச் சொல்லிவிட்டார்கள். கச்சிராயபாளையத்தில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் சந்தோஷ் என்ற மெக்கானிக் காரைப் பார்த்து, 'இன்ஜின்ல கம்ப்ரஷன் இல்ல, ரிங் போயிடுச்சு, எப்படி ஏறும்?' என்று சொல்லிப் பார்த்தான். சந்தோஷ் முருகனுக்குச் சிநேகிதன். அதனால் அவன் பேச்சை யாரும் சட்டை செய்யவில்லை.

"அப்ப எல்லார் கண்ணு முன்னாலயும் நாமளே டெஸ்ட் பண்ணிடலாம்" என்று இசைவாணி சொல்லி அனுப்பினாள். "பூமாலையண்ணன் வந்து பக்கத்துல நிக்கட்டும்."

அவரும் வந்துவிட்டார்.

"கம்ப்ரஷன், கம்ப்ரஷன்றீங்க. அது இன்னாம்மா?" என்று பூமாலை கேட்டார்.

"சைக்கிள் பம்ப் முனைய கட்டவிரலால அடைச்சிக்கினு அடிச்சா, காத்து விரலத் தள்ளும் இல்லண்ணா? இந்த இன்ஜினுக்குள்ள அந்த மாதிரி நாலு பம்ப் இருக்கு. நாலும் நல்லா தள்ளுச்சின்னா வண்டி மலை ஏறும். உள்ள எங்கியாவது காத்து ஒழுகுச்சின்னா ஏறாது. எவ்ளோ தள்ளுதுன்னு இந்த மீட்டர் சொல்லும்."

ரப்பர் குழாயின் நுனியில் கடிகாரம் மாதிரி இருந்த மீட்டரை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பொய் சொல்லாதா?"

"மனுஷன் சொல்லிக் குடுக்காத வரைக்கும் சொல்லாது."

இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கினாள். சத்தம் சுத்தமாகத்தான் இருந்தது. அணைத்துவிட்டு, தீப்பொறி போகிற ஒயரைக் கழற்றினாள். பெட்ரோல் குழாயை அடைத்தாள். நாலு பிளக்கையும் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தாள். முதல் ஓட்டையில் மீட்டரைத் திருகினாள்.

"செழியா, ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சிக்கினு சாவியத் திருப்பு. நான் சொல்ற வரைக்கும் விடாத."

கார் திணறியது. மீட்டர் முள் துள்ளித் துள்ளி ஏறித் தொண்ணூறில் நின்றது.

"எவ்ளோ இருக்கணும்?" என்றார் பூமாலை.

"நூத்தம்பதுக்கு மேல."

இரண்டாவது சிலிண்டர். அதுவும் தொண்ணூறுதான். மூன்றாவதிலும் நாலாவதிலும் முள் அதே இடத்துக்கு வந்து, அதற்குமேல் ஒரு கோடுகூட ஏற மாட்டேன் என்று நின்றது.

சுவரோரம் இருந்த முருகன் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினான். "நான் சொன்னனே அண்ணா" என்றான். வளர்மதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூமாலையின் கட்டியிருந்த கைகள் தாமாக இறங்கின. இவ்வளவு நாள் தூக்கிக்கொண்டு திரிந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாதவர் போல நின்றார்.

வந்த வேலை முடிந்துவிட்டது. கருவிகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இசைவாணி கிளம்பியிருக்கலாம். அவள் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செழியா, இங்க வா. ஒரு கேஸ்ல நாலு சாட்சி. நாலு பேரும் ஒரு வார்த்தகூட மாறாம அப்படியே ஒரே மாதிரி சொன்னா, நீ இன்னா நினைப்ப?"

"வக்கீல் நல்லா மனப்பாடம் பண்ண வச்சிருக்காருன்னு நினைப்பேன்."

"இன்ஜின் தேஞ்சா ஒரு சிலிண்டர் ஜாஸ்தி தேயும், ஒண்ணு கம்மியா தேயும். நாலும் சொல்லி வச்ச மாதிரி தொண்ணூறுன்னு சொல்லாது. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க."

ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தாள். பிஸ்டனைச் சுற்றிக் காற்று ஒழுகாமல் அடைக்கிற ரிங் தேய்ந்திருந்தால், ஆயில் அந்த இடுக்கை அடைத்து, முள் சட்டென்று ஏறும். ஏறவில்லை.

"எண்ணெ தேச்சும் எழுந்திருக்கலியேக்கா" என்றான் செழியன்.

"ரிங் போகல. சந்தோஷ் சொன்னது தப்பு." இசைவாணி நிமிர்ந்தாள். "நீ ஆக்சிலேட்டர முழுசாதான் மிதிச்சியா?"

"தரை வரைக்கும் மிதிச்சேன். இன்னும் மிதிச்சா என் காலு ரோட்ல இருக்கும்."

"மறுபடி மிதி. சாவியத் தொடாத."

ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கம் குனிந்து டார்ச் அடித்தாள். செழியன் மிதித்தான். கேபிள் இழுத்தது. காற்று போகும் வழியைத் திறக்க வேண்டிய சின்ன இரும்புக் கை பாதி தூரம் வந்து அப்படியே நின்றது.

"இன்னும் மிதி."

"அவ்ளோதாங்க்கா. பெடல் ஒட்டிக்கிச்சு."

இசைவாணி அந்த இரும்புக் கையை விரலால் பிடித்து முழுசாக இழுத்துக்கொண்டாள். "இப்ப சாவியத் திருப்பு."

முள் தொண்ணூறைத் தாண்டியது. நூறு, நூற்றிருபது, நூற்றைம்பது. நூற்றறுபதில் போய் நின்றது. ஒவ்வொரு சிலிண்டராக மாற்றிப் பார்த்தாள். இந்தத் தடவை நாலும் நாலு விதமாகச் சொல்லின. ஆனால் எதுவும் நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கவில்லை.

"தண்ணி கொண்டு வரேன்க்கா" என்று வளர்மதி உள்ளே போனாள்.

பூமாலைக்கு முள் ஏறியது மட்டும்தான் புரிந்தது. "அப்ப இன்ஜின் நல்லா இருக்கு" என்றார் மெதுவாக. பிறகு சத்தமாக, "இன்ஜின் நல்லாத்தான் இருக்குது! அப்ப இவன் பொய் சொல்லிக்கினு இருக்கான்!"

பிளக் கழற்றிய ஸ்பேனர் துணிமேல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு முருகனை நோக்கி நடந்தார். முருகன் எழுந்திருக்கவில்லை. கையைக்கூடக் குறுக்கே வைக்கவில்லை. செழியன்தான் பாய்ந்து நடுவில் நின்றான்.

"அண்ணே, அண்ணே, மொதல்ல என்ன அடிச்சிட்டுதான் அப்பால போவணும். எனக்கு சின்ன உடம்பு, ஒரே அடி போதும். ஆனா அக்கா சொல்றத கேட்டுட்டு அடிங்க."

"இன்ஜின் நல்லா இருக்குண்ணா" என்றாள் இசைவாணி. "ஆனா இவரு மிதிச்ச மிதி இன்ஜினுக்குப் போய்ச் சேரல. பாதிதான் போச்சு. பாதி காத்துல இந்த வண்டி தார்ரோட்ல ஓடும், எறக்கத்துல எறங்கும். மலை ஏறாது."

முருகன் பேசினான். யாரைப் பார்த்தும் இல்லை, தரையைப் பார்த்து.

"பெடலு கொஞ்சம் லூசாத்தான் இருந்துச்சு. நான் பெருசா எடுத்துக்கல. அன்னிக்கி மிதிச்சேங்க்கா. காலு மரத்துப் போற வரைக்கும் மிதிச்சேன். ரெண்டு காலும் வச்சு மிதிச்சேன். ஏறல."

"இவனே லூஸ் பண்ணி வச்சிருந்தா?" பூமாலையின் கையில் ஸ்பேனர் இன்னும் இருந்தது.

"பண்ணியிருந்தா, அன்னிக்கி ராத்திரியே பழையபடி டைட் பண்ணியிருப்பாரு. வண்டி இத்தினி நாளா இவரு வூட்லதான் நிக்குது. தடயத்த அப்படியே வச்சிக்கினு, வந்து பாருங்கன்னு யாராவது நம்மள வாசலுக்குக் கூப்பிடுவாங்களா?"

பூமாலை ஸ்பேனரைக் கீழே போட்டார்.

இசைவாணி மறுபடி குனிந்தாள். இன்ஜின் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கும் செம்மண் தூசியும் அப்பியிருந்தன. கேபிளைப் பிடித்திருந்த இரண்டு நட்டில் மட்டும் தூசி இல்லை. ஸ்பேனர் பட்ட விளிம்பு புதுசாக மின்னியது. தானாக லூசான நட்டு ஆடும். இவை ஆடவில்லை. யாரோ நிதானமாகக் கழற்றி, கேபிளுக்குத் தளர்ச்சி கொடுத்து, திரும்பவும் கெட்டியாக இறுக்கியிருக்கிறார்கள். தொழில் தெரிந்த கை.

"முருகா, இந்த வண்டியில கடைசியா கை வச்சது யாரு?"

"சந்தோஷ்தான். ஆயில் மாத்த விட்டிருந்தேன். அதுக்கு மறுநாள்தான்..."

"அண்ணா, இங்கியே இருங்க. நாங்க கச்சிராயபாளையம் போய்ட்டு வந்துடறோம்."

பைக்கில் ஏறும்போது செழியன் காதோரமாகச் சொன்னான். "தண்ணி கொண்டு வரேன்னு போனவங்க இன்னும் வரல, கவனிச்சீங்களா? அணையில போய் மொண்டு வர்றாங்களோ?"

இசைவாணி கவனித்திருந்தாள். கவனிக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

சந்தோஷின் ஒர்க் ஷாப்பில் ஒரு டிராக்டர் சக்கரம் கழன்று நின்றது. அதற்கடியில் படுத்திருந்தவன் தலையை வெளியே நீட்டினான்.

"பேரு சந்தோஷ். மூஞ்ச பாருங்கக்கா, பந்தல் பிரிச்ச வூடு மாதிரி" என்று செழியன் முணுமுணுத்தான்.

இசைவாணி சுற்றி வளைக்கவில்லை. "கம்ப்ரஷன் பார்க்கும்போது காத்து வழிய முழுசா திறந்து வைக்கணும்னு உனக்குத் தெரியாதா தம்பி?"

"தெரியுமே, ஏன்?"

"முருகன் வண்டியில திறக்காம பார்த்தியே."

அவன் எழுந்து கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ரிங் போகல. இன்ஜின் நூத்தறுபது தள்ளுது. கேபிள் நட்டுல உன் ஸ்பேனர் தடம் இருக்கு. நீ அந்தக் கேபிள லூஸ் பண்ண. ஒரு பொம்பள செத்ததும் பயந்து போய் இன்ஜின் மேல பழியப் போட்ட. போலீஸ்ல இதச் சொன்னா இன்னா ஆவும்னு தெரியுமா?"

"சொல்லிடுங்க" என்றான் சந்தோஷ். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "நான்தான் தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லிடுங்க. என் கை தப்புன்னு போட்டுக்குங்க."

"தெரியாம பண்ணதில்ல அது. ரெண்டு நட்டையும் அளந்து இறுக்கியிருக்க. முருகன் உன் சிநேகிதன். அவன் வண்டிய ஏன் முடமாக்கின?"

சந்தோஷ் வெளியே ரோட்டைப் பார்த்தான். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று, பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு சர்க்கரை ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அந்த மாதிரி டிராக்டர முந்திக்கினு போவான் பாருங்க முருகன், கண்ண மூடிக்கினு போவான். புள்ளய முன்சீட்ல வச்சிக்கினு அப்படி ஒருநா போய், எதிர்ல பஸ் வந்து, மயிர் எழையில தப்பிச்சாங்க. அந்தப் பொண்ணு வளர்மதி இங்க வந்து நின்னு அழுவுது. அவருக்குத் தெரியாம வண்டி வேகம் போவாத மாதிரி எதனா பண்ணிக் குடுண்ணா, எம் புள்ளயத் தூக்கிக் குடுத்துருவேன் போல இருக்குதுன்னு. எனக்கும் சரின்னு பட்டுது. மலை சவாரி அவன் ஜாஸ்தி போறதில்ல. போறப்ப மாத்திக்கலாம்னு..." அவன் குரல் இறங்கியது. "போன் வந்ததும் அவன் கெளம்பிட்டான். எனக்கு யாரும் சொல்லல. அந்தப் பொண்ணுக்கும் தெரியாதுக்கா. இன்ஜின்தான் கெட்டுப்போச்சின்னு நெனச்சிக்கினு இருக்கு. அதுக்காகத்தான் ரிங்குன்னு சொன்னேன்."

டிராக்டர் தாண்டிப் போனதும் செழியன் பைக்கை எடுக்கப் போனான்.

திரும்பும் வழியில் கொஞ்ச தூரம் போனதும் கேட்டான். "இதுக்கு எந்த செக்‌ஷன்ல கேஸ் போடுவாங்க, அக்கா?"

"தெரியல."

"நம்மள வேலைக்கு வச்சது அந்தம்மா. அவங்க புருஷன் குத்தவாளி இல்லன்னு கண்டுபிடிச்சாச்சு. ஆனா..."

"தெரியும் செழியா. சும்மா வா."

இத்தனை வருஷத்தில் அவள் எத்தனையோ பேரைக் கண்டுபிடித்திருக்கிறாள். இன்ஷூரன்ஸுக்காக வண்டியைக் கொளுத்தியவன், ஆளை இடித்துவிட்டு நம்பர் பலகையை மாற்றியவன். கண்டுபிடிப்பதோடு அவள் வேலை முடிந்துவிடும். மீதியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆட்கள் இருந்தார்கள். இங்கே மீதி என்று எதுவுமே இல்லை. பிள்ளை உயிருக்குப் பயந்த ஒரு தாய். ஒரு நட்டு. மலைமேல் ஒரு பாம்பு. இதில் யாரைப் பிடித்துக்கொண்டு போய் எங்கே நிறுத்துவது?

வாசலில் பூமாலை அதே இடத்தில் நின்றிருந்தார். முருகனும் எழுந்து நின்றிருந்தான். வீட்டு நிலையில் சாய்ந்துகொண்டு, கையில் தண்ணீர்ச் சொம்போடு வளர்மதி. அவள் முகத்தைப் பார்த்ததும் இசைவாணி வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

"யாரும்மா?" என்றார் பூமாலை.

பொய் சொல்வது அவளுக்குப் பழக்கமில்லை. இப்போதும் முழுப் பொய் சொல்லவில்லை.

"மெக்கானிக்தாண்ணா. ஆயில் மாத்தும்போது கேபிளத் தப்பா இறுக்கிட்டான். ஒத்துக்கிட்டான். முருகன் மேல எந்தத் தப்பும் இல்ல. அவரால முடிஞ்ச வரைக்கும் மிதிச்சிருக்காரு."

பூமாலை தலையை ஆட்டினார். அத்தோடு முடிந்திருக்கும்.

"இல்லக்கா" என்றாள் வளர்மதி.

"வளர்மதி, நீ உள்ள போ" என்றாள் இசைவாணி.

"இல்லக்கா. சந்தோஷண்ணன் மேல போடாதீங்க. நான்தான் பண்ணச் சொன்னேன்." சொம்பைக் கீழே வைத்தாள். "இவரு வேகமா போறாருன்னு பயந்துக்கினு, வண்டி மெதுவா போற மாதிரி பண்ணிக் குடுன்னு நான்தான் அழுதேன். மலை ஏறாதுன்னு எனக்குத் தெரியாது மாமா. சத்தியமா தெரியாது. நீங்க கையால இழுத்ததும் முள்ளு ஏறுச்சில்லக்கா, அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது."

முருகன் அவளை அடிக்கப் போகிறான் என்று செழியன் நினைத்து ஓரடி முன்னால் வந்தான். முருகன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். "என்னாண்ட சொல்லியிருக்கலாம் இல்லடி" என்றான். "மெதுவா போன்னு சொல்லியிருக்கலாம் இல்ல."

"தெனம் சொன்னேனே" என்றாள் அவள்.

முருகன் திரும்பிக் காரைப் பார்த்தான்.

வளர்மதி நடந்து வந்து பூமாலை முன்னால் நின்றாள். காலில் விழவில்லை. கும்பிடவும் இல்லை. என்ன செய்தாலும் நடிப்பாகிவிடும் என்று பயந்தவள் மாதிரி கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். "இன்னா பண்ணணுமோ பண்ணுங்க மாமா."

பூமாலை இசைவாணியிடம் திரும்பினார். அவர் குரலில் கோபம் இல்லாதது அவளை என்னவோ செய்தது.

"இவன்தான்னு நெனச்சிக்கினு இருந்தப்ப ராத்திரி தூங்கிட்டேம்மா. காலைல எழுந்து வெட்டிடலாம், அப்பால ஜெயிலுக்குப் போவலாம்னு ஒரு வழி இருந்துச்சு. இப்ப இன்னா பண்றது? நீயே சொல்லு. படிச்சவ, நாலு ஊரு பாத்தவ. நான் யாரப் பாத்துக் கத்தறது?"

மன்னிக்கச் சொல்லலாம். அது சொல்கிறவர்களுக்குச் சுலபம். ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லலாம். அங்கேயும் இதே கேள்வியைத்தான் அவரிடம் திருப்பிக் கேட்பார்கள்.

"தெரியலண்ணா" என்றாள்.

அவர் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டார்.

"அந்தக் கேபிள சரி பண்ணு" என்றார் முருகனிடம். அந்தப் போனுக்குப் பிறகு கோபமில்லாமல் அவர் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. "சாயந்தரம் பஸ் வரைக்கும் இங்க என்னால உக்கார முடியாது. என்ன மேல கொண்டு வுடு. ஊர்ல நான் சொல்லிக்கிறேன்."

"நானும் வரேன் மாமா" என்றாள் வளர்மதி. "ஊர் முன்னால நானே சொல்றேன்."

"நீ வராத." அவர் அவளைப் பார்க்கவில்லை. "இன்னிக்கி வராத. வந்தீன்னா, இவ்ளோ நேரம் பேசாம இருந்ததெல்லாம் பேசிருவேன்."

முருகன் ஸ்பேனரை எடுத்து நட்டின் மேல் குனிந்தான். செழியன் வாங்கி இறுக்கினான். பிளக்குகளை மாட்டினான். ஒருமுறை மிதித்துப் பார்க்கச் சொல்லி, இரும்புக் கை முழுசாகத் திறப்பதைப் பார்த்துக்கொண்டான். இருவரையும் தனியாக மலை ஏற்றிவிட இசைவாணிக்கு மனம் வரவில்லை. அவளும் செழியனும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள்.

கார் கிளம்பும்போது வளர்மதி வாசலிலேயே நின்றாள். சொம்பு அவள் காலடியில் இருந்தது.

அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. முருகன் பயந்து பயந்து மிதித்தான். அவன் மிதிப்பதற்கு முன்பே கார் ஏறியது. இரண்டாவது கியரில், மூச்சு வாங்காமல், முதல் வளைவைச் சுற்றித் திரும்பியது. அடுத்த வளைவும் அப்படித்தான். இன்ஜின் சத்தம் ஒரே சீராக இருந்தது. எங்காவது ஒரு இடத்தில் கொஞ்சம் திணறினால்கூடப் பரவாயில்லை என்று இசைவாணிக்குத் தோன்றியது. திணறவில்லை. மூங்கில் புதர்கள் ஜன்னலை உரசிக்கொண்டு பின்னால் போயின. கீழே அணைத் தண்ணீர் சின்னதாகிக்கொண்டே வந்தது.

முருகன் அழுதுகொண்டே ஓட்டினான். கண்ணைத் துடைக்க ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இன்னாடா, இவ்ளோ சுளுவா ஏறுது" என்றார் பூமாலை.

மேலே மரவள்ளிக் கொல்லைகள் தெரிய ஆரம்பித்தன. ஊர் இன்னும் கொஞ்ச தூரம்தான்.

"நிறுத்து."

முருகன் நிறுத்தினான். பூமாலை கதவைத் திறந்து இறங்கினார். இசைவாணியும் இறங்கப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"இவ்ளோ சீக்கிரம் வூட்டுக்குப் போய்ச் சேர முடியாதும்மா என்னால" என்றார். "நான் நடந்து போய்க்கிறேன்."

அவர் ரோட்டின் நடுவிலேயே மேல்நோக்கி நடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் காரைத் திருப்ப வழியில்லை. அவரைத் தாண்டிப் போகவும் முருகனுக்கு மனமில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், முதல் கியரைப் போட்டு, அவர் நடையின் வேகத்துக்கே வண்டியை அவர் பின்னால் ஓட்டிக்கொண்டு போனான்.